நான்கு விநாடி

முன்னால் இன்னும் ஏழு பேர். ஒருவர் விலகியதும் வரிசை ஓர் அடி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன், நகர்ந்த பிறகுதான் அது எனக்கு வேண்டாத அடி என்று பட்டது. கம்பம் அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இடுப்புக்குச் சற்று மேலே வரும் உயரம், சாம்பல் நிறம், உச்சியில் சல்லடைபோலத் துளைகள், துளைகளைச் சுற்றி ஒரு நீல வளையம். அது பேசும்போது வளையம் அசைகிறது. கேட்கும்போது அசையாமல் எரிகிறது. நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள் என்கிறது, பெண் குரலில், யாரையும் எதற்கும் கடிந்துகொள்ளாத குரலில். பொற்கொடி என்று நான் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். வாய்க்குள் ஒரு தடையும் இல்லை. பொற்கொடி, பொற்கொடி, பொற்கொடி. மனத்துக்குள் யாருக்கும் திக்குவதில்லை, என் மனத்துக்குள் நான் ஐம்பத்திரண்டு வருஷமாக மேடைப் பேச்சாளன். உதடு இரண்டும் சேர வேண்டும், சேர்ந்தவை பிரிய வேண்டும், அவ்வளவுதான், கைக்குழந்தை செய்கிற காரியம். சேர்வது எனக்கும் வரும். சேர்ந்தபின் பிரியாது. உள்ளே காற்று முட்டிக்கொண்டு நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும், எதிரே இருப்பவர் முதலில் என் வாயைப் பார்ப்பார், பிறகு வேறெங்கோ பார்ப்பார், பிறகு தானே ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார், பெரும்பாலும் தவறான சொல்லை, நானும் அதுதான் என்று தலையாட்டிவிடுவேன். கம்பம் எதையும் எடுத்துக் கொடுக்காது. வேறெங்கும் பார்க்கவும் பார்க்காது. அதற்குப் பார்வையே இல்லை.

"பேரச் சொல்லும்மா, அதான் கேக்குதுல்ல," என்கிறார் வாட்ச்மேன்.

வரிசையின் தலையில் நிற்கிற பெண்மணி ஒயர் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறாள். "நான் மெதுவாச் சொன்னா அது ஊருக்கே கத்துதுப்பா. நீயே சொல்லேன், உனக்குப் புண்ணியமாப் போவும்."

"நான் சொல்லக் கூடாதும்மா. நோயாளி சொல்லணும், இல்ல கூட வந்தவங்க சொல்லணும். நான் வாயத் தொறந்தா வேல போயிரும். போன மாசம் ஒருத்தன் போயிட்டான்."

"பேசினா வேல போவுமா? நல்லாக்கீது உங்க ஆஸ்பத்திரி." அவள் குனிந்து துளைகளுக்குள் கூவுகிறாள். "எல்லம்மா! வூட்டுக்காரு பேரு தொர! இப்ப இன்னான்ற?"

எல்லம்மா, இரத்தப் பரிசோதனை அறிக்கை, இயல்பாக உள்ளது, வீட்டுக்குச் செல்லலாம் என்கிறது கம்பம். இயல்புன்னா என்னப்பா என்கிறாள். ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம் என்கிறார் வாட்ச்மேன். அத அப்படிச் சொல்றதுக்கு அதுக்கு இன்னா என்று, கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறாள். வரிசை சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். சிரிப்பு எனக்குத் திக்காமல் வரும், அதனால் எங்கேயும் முதலில் சிரித்துவிடுவேன். ஆறு பேர்.

பொற்கொடி நான்காம் வரிசை நாற்காலியில் இருக்கிறாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு, மடியில் பை, பையின் மேல் இரண்டு கைகள். பார்வை என் முதுகில்தான் இருந்திருக்கிறது, நான் திரும்பியதும் முகத்துக்கு வந்தது. நான் வரட்டுமா என்று புருவத்தால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் பேசி ஐந்து நாளாகிறது. குரல்வளையில் வெள்ளையாக ஒரு திட்டு, மிளகளவுகூட இல்லை, கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், பத்து நாளைக்கு ஒரு வார்த்தை கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதல், ஆறாத புண்ணை விரலால் தேய்க்கிற மாதிரி என்றார் டாக்டர். என்னைப் பார்த்து, "பத்து நாளைக்கு உங்க ராஜ்ஜியம்தான் சார், என்ஜாய் பண்ணுங்க," என்றார். அதற்கும் முதலில் சிரித்தேன். பொங்கலுக்கு முன்பே குரல் கம்மத் தொடங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து பிரிவு, ஐந்துக்கும் கணக்கு, டீச்சருக்குத் தொண்டை கட்டாமல் இருக்குமா என்று அவளே சொன்னாள், கட்டிய தொண்டையோடு. அதிமதுரம், தேன், வெந்நீர், மறுபடி அதிமதுரம். கோடை விடுமுறையில் சரியாகிவிடும் என்றோம். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தும் ஆயிற்று. காலையில் ஆட்டோவில் வரும்போது டைரியில் எழுதிக் காட்டினாள், நானே சொல்லிடறேனே, ஒரே ஒரு வார்த்தைதானே. பேனாவை வாங்கி அதன் மேல் கோடு போட்டேன். நீளமான கோடு, ஆட்டோ குலுங்கியதில் அடுத்த பக்கம் வரைக்கும் ஓடியது. ஆனால் எனக்குத் தெரியும். நான் சொல்லாவிட்டால் அவள் எழுந்து வருவாள். இருபத்தாறு வருஷமாக எழுந்து வருகிறவள்.

ஜெயசீலன், மலப் பரிசோதனை அறிக்கை, இயல்பாக உள்ளது என்று கம்பம் மண்டபத்துக்கே அறிவிக்க, கல்லூரிக்குப் போகிற வயதுள்ள ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு ஓடாத குறையாகப் போகிறான். "எல்லாருக்கும் உள்ளதுதான் தம்பி," என்கிறார் எனக்குப் பின்னால் நிற்பவர், கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு. மறுபடி சிரிப்பு. ஐந்து பேர். அடுத்தவர் ஒல்லியான மனிதர், மனைவியின் முழங்கையைப் பிடித்தபடி நிற்கிறார். வடிவுக்கரசி என்கிறார், ஒரே மூச்சில், எவ்வளவு சுலபம். வடிவுக்கரசி, திசுப் பரிசோதனை அறிக்கை, மூன்றாம் மாடிக்குச் செல்லுங்கள், மருத்துவர் உங்களிடம் பேசுவார். அதே குரல், அதே நிதானம். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் மாடி என்றால் என்ன என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த மனிதர் முழங்கையை விடாமல் கம்பத்தையே பார்க்கிறார், இன்னும் ஏதாவது சொல்லும் என்பதுபோல. அது சொல்வதைச் சொல்லிவிட்டது. அடுத்தவர் வரலாம் என்கிறது. நான்கு பேர்.

கம்பத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு செவ்வகம் மட்டும் பெயின்ட் புதிதாகத் தெரிகிறது. நான்கு மூலையிலும் திருகாணித் துளைகள். அங்கே இருந்தது நான் வரைந்த தொடுதிரை. திரை வரைவதுதான் என் வேலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், பத்தொன்பது வருஷம். ஆஸ்பத்திரிகளுக்கு, பஸ் நிலையங்களுக்கு, கோவில் தரிசன வரிசைக்கு. கருவியை வேறு யாரோ செய்வார்கள். அதில் எங்கே எந்தப் பொத்தான், எவ்வளவு பெரிது, என்ன நிறம், தொட்டால் அடுத்து என்ன வரும் என்பதை நான் வரைவேன். இந்தச் செவ்வகத்தின் இடது பக்கத்தில் அறிக்கை பெற என்ற பச்சைப் பொத்தான் இருந்தது. கை நடுங்குகிறவர்கள் வருவார்கள் என்று அதைக் கட்டைவிரல் அகலம் கூட்டினேன். அதற்கு ஒரு வாரம் சண்டை, எழுத்தில்தான். நான் இந்த வேலைக்கு வந்தது எப்படி என்று யாராவது கேட்டால் ஓவியம் பிடிக்கும் என்று சொல்லச் சொல்லி வைத்திருக்கிறேன், சொல்கிறவள் அவள். உண்மை வேறு. கல்லூரி நாட்களில் எழும்பூரிலிருந்து பல்லாவரம் போக வேண்டும், கவுன்டரில் பல்லாவரம் என்று சொல்ல முடியாது, இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கிற சானடோரியம் என்று சொல்லி டிக்கெட் வாங்குவேன், ச எனக்கு வழுக்கிக்கொண்டு வரும், பல்லாவரத்தில் இறங்கிவிடுவேன். மூன்று வருஷம் நான் சேராத ஊருக்கு டிக்கெட் வாங்கினேன். ஓட்டலில் பொங்கல் வாசனை மூக்கைத் துளைக்கும், சர்வர் வந்து நின்றதும் இட்லி என்பேன். பிறகு ஒருநாள் ஸ்டேஷனில் தொடுதிரை வைத்தார்கள். ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்தன, பல்லாவரத்தை விரலால் தொட்டேன், சீட்டு வந்து விழுந்தது. அவ்வளவுதான். பக்கத்தில் யாரும் இல்லை, நான் அழுதுவிட்டேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனால் இரண்டு டிக்கெட் எடுத்தேன், ஒன்று தேவையில்லாமல். பொத்தானுக்குப் பொறுமை உண்டு. வந்தவன் தொடுகிறவரைக்கும் நாள் முழுக்க அதே இடத்தில் அதே நிறத்தில் நிற்கும். அவன் வாயைப் பார்க்காது. பேச்சுக்கு மட்டும்தான் அவசரம். கேட்கிறவர்கள் எல்லோருக்குமே அவசரம்.

"சார், கொஞ்சம் முன்னால நகருங்க, தூங்கிட்டீங்களா?" ஹெல்மெட்காரர். நகர்கிறேன். மூன்று பேர்.

நவநீதன் கெட்டவன் இல்லை. எங்கள் கம்பெனியின் தலைமை அவன், என்னைவிடப் பதினைந்து வயது சிறியவன், தயா சார் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, "ஸ்க்ரீன் காலம் முடிஞ்சுது சார். இனிமே கண்ணுக்கு வேலை இல்லை, கைக்கும் வேலை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்கு இதவிட நல்லது உண்டா? பேசினாப் போதும். பேசத் தெரியாதவன் யாரு, சொல்லுங்க," என்றான். அறை சிரித்தது. முதலில் சிரித்தது நான்தான். அவன் சொன்னது பொய்யும் இல்லை. எல்லம்மா என் பச்சைப் பொத்தானுக்கு முன்னால் நின்றிருந்தால் யாரையாவது கெஞ்சியிருப்பாள், தம்பி இத்தப் படிச்சுச் சொல்லேன் என்று. அதை நான் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டுப் பொத்தானின் அகலத்தைத்தான் கூட்டினேன். வாய் பேச முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு பெண் கேட்டாள், கூட யாராவது வருவாங்கம்மா என்றான் நவநீதன், அவள் குறித்துக்கொண்டாள். நான் கை தூக்கினேனா? தூக்கவில்லை. மேசைக்கு அடியில் தொடை மேல் இருந்த கை கொஞ்சம் எழுந்தது, அது எனக்கு மட்டும் தெரியும். எழுந்தால் பேச வேண்டும். பேசினால் இத்தனை வருஷம் கம்மியாப் பேசுவார் என்று பெயர் வாங்கி வைத்திருப்பது என்ன ஆகும். தண்ணீர் குடித்தேன்.

இதுவரைக்கும் நான் நினைத்தால் தாங்கிக்கொள்ள முடியும். இதற்கு அடுத்ததுதான், இந்த இடத்துக்கு வந்ததும் மனம் வேறு பக்கம் ஓடும், வாட்ச்மேனின் பெல்ட் பக்கிளைப் பார்க்கும், தரையில் சதுரம் எண்ணும், பிறகு அங்கேயே திரும்பி வரும். ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் மெயில் வந்தது. வந்தவர் பேசாமல் நின்றால் கம்பம் எத்தனை விநாடி காத்திருக்கலாம், உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டிருந்தார்கள். எழுத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் பெயரைச் சொன்னேன். பதினொரு விநாடி. மறுபடி சொன்னேன், பதின்மூன்று. மூன்றாவது தடவை ஒன்பது. சராசரி பதினொன்று என்று எனக்குத் தெரியும், இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாத கணக்கு. வெளியே வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதற்குள் ஒருவன் இரண்டு என்று எழுதியிருந்தான், ஒருத்தி மூன்று. பதினொன்று என்று அடித்தேன். அந்த இரண்டு ஒன்றுகளும் திரையில் நின்றன. யாருக்கு சார் பதினொன்று என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்பார்கள், நவநீதன் மரியாதையாகக் கேட்பான். அழித்தேன். நான்கு என்று அடித்தேன். பெருந்தன்மையாகத் தெரிகிற எண். தயா சார் சொல்கிறார் நான்கு, அவருக்கு அனுபவம் அதிகம், நான்கே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மூன்று தடவை கேட்கும், தடவைக்கு நான்கு, பிறகு அடுத்தவரைக் கூப்பிடும். ஊரெல்லாம் கம்பம். திக்குகிறவன் எவனுமே உட்கார்ந்திராத ஓர் அறையில் போட்ட கணக்கு என்று என்னைப் போன்றவர்கள் நினைத்திருப்பார்கள். அப்படி நினைத்து, அதில் ஆறுதலும் பட்டிருப்பார்கள்.

ஷமீமா பானு, எக்ஸ்ரே அறிக்கை, இயல்பாக உள்ளது. இரண்டு பேர்.

ப வேண்டாம் என்று கல்யாணமான மூன்றாம் நாளே முடிவு செய்துவிட்டேன். மாமனார் கட்சிக்காரர், மகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைக்க வேண்டும் என்று வைத்தது, அதில் ஒரு ப, உடனே ஒரு க, நடுவில் மூச்சு வாங்கக்கூட இடமில்லை. அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், மழை தூறத் தொடங்கியிருந்தது, கீழேயிருந்து கூப்பிட வேண்டும். உதடு சேர்ந்து நின்றுவிட்டது. தூறல் பலத்தது. அல்லி என்று கத்தினேன். அ திறந்தே இருக்கிற எழுத்து, எதுவும் எதோடும் சேர வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலே முகம் தெரிந்தது. என்னையா என்றாள். உன்னைத்தான் என்றேன், உ-வும் எனக்கு வரும். அன்றிலிருந்து அல்லி. அவள் தங்கைகள் கேலி செய்தார்கள், பிறகு அவர்களும் அல்லியக்கா என்றார்கள். என்னடி உன் பேரையே மாத்திட்டாரு உன் வீட்டுக்காரர் என்று யாரோ கேட்டதற்கு, அவருக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு. நான் பக்கத்தில்தான் இருந்தேன். இல்லை, அது பிரியத்தில் வைத்த பெயர் இல்லை, ஒரு சந்து, தப்பித்துப் போவதற்கு நான் கண்டுபிடித்த சந்து என்று அப்போது சொல்லியிருக்கலாம். பிறகு பிரியமும் அந்தச் சந்து வழியாகத்தான் வந்தது, அது வேறு. இருபத்தாறு வருஷத்தில் அவள் பெயரை அவள் காதுபட நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. குளியலறையில் குழாய்ச் சத்தத்தில் சொன்னதுதான்.

மற்றதையெல்லாம் அவள் சொன்னாள். ஓட்டலில் இவருக்கு ஒரு பொங்கல். பேங்கில், ரேஷனில், டெலிபோனில், வீட்டு ஓனரிடம், இவர் தயாபரன், என் வீட்டுக்காரர், கம்மியாப் பேசுவார். ஐந்து பிரிவுக்கும் கத்திவிட்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், எனக்காக கேஸ் கம்பெனிக்குப் பேசுவாள். ஒரு தொண்டைக்கு இவ்வளவு என்று ஓர் அளவு இருக்குமா. டாக்டரிடம் கேட்க நினைத்தேன், எப்படிக் கேட்பது, கேட்பதற்கும் அவள்தானே வாய். அப்படியெல்லாம் இல்லை, புகை, வயிற்றுப் புளிப்பு, பரம்பரை, சமயத்தில் காரணமே இல்லாமலும் வரும் என்று எங்கோ படித்தேன். படித்ததை நம்புகிறேன். நம்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் பேச்சை ஒரு தொண்டையில் ஏற்றினாய் என்று ஒன்று கீழேயிருந்து சொல்லும். திக்காமல் சொல்லும்.

ஒருவர். கிழவர். பெயரைச் சொல்லிவிட்டுத் தன் சர்க்கரை பற்றி, மருமகள் பற்றி, காலையில் வந்த பஸ் பற்றி அதனிடம் சொல்லிக்கொண்டே போகிறார். கம்பம் குறுக்கிடாமல் கேட்கிறது. பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தரும். வாட்ச்மேன் பெரியவரைத் தோளில் தொட்டு நகர்த்துகிறார். அந்த இடம் காலியாகிறது. நான் அதில் நிற்கிறேன்.

"நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள்."

வளையம் நின்றது. உதடுகள் சேர்ந்தன. ஒன்று. காற்று வந்து முட்டியது. நெஞ்சைத் தளர்த்து, தோளை இறக்கு, பாட்டு மாதிரி இழு, எல்லாம் எனக்குத் தெரியும், சிறு வயதிலேயே ஒருவர் சொல்லிக் கொடுத்தார், தெரிவது ஓரிடத்தில் இருக்கிறது, உதடு வேறோர் இடத்தில் இருக்கிறது. மூன்று. கண் மூடிக்கொண்டது.

"பேச்சு கேட்கவில்லை. நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள்."

"சார், பேசுங்க சார், அதுக்குக் கேக்கும்," என்றார் வாட்ச்மேன் மெதுவாக. ஹெல்மெட்காரர் பக்கத்தில் யாரிடமோ, "சம்சாரம் பேரே மறந்துட்டாரு போல," என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இம்முறை நான் சிரிக்கவில்லை, வாய் மூடிக் கிடந்தது. ப் என்று ஒரு சத்தம் வந்தது, குமிழி உடைகிற அளவு, அதன் பின்னால் மற்றதெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது, இன்னும் ஏழு விநாடி, ஏழே விநாடி.

"பேச்சு கேட்கவில்லை. நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள்."

பின்னால் நாற்காலி தரையில் உராய்ந்தது. எந்த நாற்காலி என்று திரும்பாமலே தெரிந்தது. அவள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். நான்காம் வரிசையிலிருந்து இங்கே பத்தடி. எதையாவது சொல்லிவிட வேண்டும். வாய் திறந்தது, அது திறந்தே இருக்கிற எழுத்துக்குத் திறந்தது.

"அல்லி."

தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல், மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னேன். வளையம் அசைந்தது. "அல்லி என்ற பெயரில் இன்று அறிக்கை எதுவும் இல்லை. அடுத்தவர் வரலாம்."

அதற்குள் அவள் என் பக்கத்தில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, அது பரவாயில்லை, ஆச்சரியமும் இல்லை. அப்படியானால் எப்போதிலிருந்து தெரியும். மாடியில் கைப்பிடிச் சுவருக்கு மேலே என்னையா என்று கேட்டபோதேவா. வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளாமல், பிடித்த கையோடு குனிந்தாள்.

"பொற்கொடி," என்றாள்.

அவள் குரல் இல்லை அது. காய்ந்த பனையோலையைக் கிழிப்பதுபோல, முதல் பாதி காற்றாகவும் அடுத்த பாதி வலியாகவும் வந்தது. ஐந்து நாள் சேர்த்து வைத்த மௌனம் அந்த ஒரு சொல்லில் தீர்ந்துபோனது. கம்பத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

"பொற்கொடி. குரல்வளைத் திசுப் பரிசோதனை அறிக்கை. மூன்றாம் மாடிக்குச் செல்லுங்கள். மருத்துவர் உங்களிடம் பேசுவார்."

"அப்ப அல்லி யாரு சார்?" என்றார் ஹெல்மெட்காரர். அவர் அதைச் சொல்லத் தொடங்கியது கம்பம் முடிப்பதற்கு முன்னால். முடித்தது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும், ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "சாரி சார்," என்றார் தரையைப் பார்த்து. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. வழி விட்டார்கள், தேவைக்கு அதிகமாகவே விட்டார்கள். அவள் தொண்டையில் இரண்டு விரல்களை வைத்து எச்சில் விழுங்கினாள், விழுங்கும்போது கண் சுருங்கியது. நடந்தோம். மண்டபத்தைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, மூன்றாம் மாடி என்று அது சொன்ன குரலில் ஒரு சிறு மாற்றமாவது இருந்ததா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். இல்லை. இயல்பாக உள்ளது என்பதையும் அப்படித்தான் சொன்னது. அந்தக் குரலுக்கு நாங்கள் ஒரு மாதம் உழைத்தோம், பயமுறுத்தக் கூடாது என்று.

லிஃப்டில் ஏற்கெனவே ஒரு வார்டு பாய் காலி சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார், கூட ஒரு நர்ஸ். பொத்தான்கள் இருந்த இடத்தை ஒரு ஸ்டீல் தகடு வைத்து மூடியிருந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. நர்ஸ், "அஞ்சு," என்றாள். மற்றவர்களுக்கு எந்த மாடி என்று கேட்டது லிஃப்ட், கீழே கேட்ட அதே பெண் குரலில். ம-வுக்கும் உதடு சேர வேண்டும். அல்லி என் பக்கம் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தபடி, பழக்கத்தில், வாயைத் திறந்தாள்.

நான் என் உள்ளங்கையை அவள் வாயின் மேல் வைத்தேன். அவள் மூச்சு சூடாகப் பட்டது. வார்டு பாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வாட்சைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மறுபடி கேட்டது. கையை எடுக்காமல் நான் உதடுகளைச் சேர்த்தேன்.